சாந்தாமணியின் அடுப்பில்லா உருண்டை

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையில் எங்கள் ஒட்டக்கரட்டில் நெருப்பு பற்றாமல் போயிற்று. முதலில் பால்காரர் வீட்டில் தீப்பெட்டி நமத்துவிட்டது என்றார்கள், பிறகு எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன், அதற்கப்புறம் ஆளாளுக்கு வாசலில் நின்று குச்சியைக் கிழிப்பதும், மருந்து வாசனை மட்டும் வருவதும், குச்சி சில்லென்று கையில் நிற்பதுமாக இருக்க, எட்டு மணிக்குள் இது ஒரு வீட்டுச் சங்கதி இல்லை, ஊர்ச் சங்கதி என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கரண்ட் அடுப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது, சூடு வரவில்லை. இஸ்திரிப் பெட்டி சுடவில்லை. ஆனால் ஃபேன் ஓடியது, ஃபிரிட்ஜ் ஓடியது, தறிகள் ஓடின, பஸ்ஸும் ஓடியது. எஞ்சினுக்குள் எரிகிறதே, அது நெருப்பு இல்லையா என்று மெக்கானிக் பழனியப்பனைக் கேட்டோம். அவன் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு மூடினான்.

ஏன் இப்படி ஆயிற்று என்று தேடுவதற்கு நாங்கள் பத்து நாள்தான் செலவழித்தோம். ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் மேலிருக்கிற சாமிக்குக் கிடாய் வெட்டினோம், வெட்டிய கிடாயை வேகவைக்க முடியாமல் பக்கத்து ஊருக்குக் கொடுத்தோம். வெளியூரில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றால், நாங்கள் காலெடுத்து வைத்த இடத்திலெல்லாம் அடுப்பு அணைந்தது. சங்ககிரியில் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பதினோரு பேர் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், ஐயர் ஊதி ஊதிப் பார்த்தும் ஹோமம் எரியவில்லை. அதோடு எங்களுக்குப் பத்திரிகை வைப்பது நின்றது. சொந்தக்காரர்கள் ஃபோனில் மட்டும் பாசமாக இருந்தார்கள். எரிக்கிற வழக்கம் உள்ள வீடுகளிலும் செத்தவர்களைப் புதைத்தோம். அந்த வாரத்திலேயே எங்கள் உடம்புச் சூடும் குறைந்து, கையெல்லாம் பானைத் தண்ணீரில் ஊறினது மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் கையை ஒருவர் தொட்டால் இருவருமே கையை எடுத்துக்கொண்டோம்.

ஊறவைத்த அவலும் தயிரும் வாழைப்பழமும் எத்தனை நாளைக்குச் சாப்பிடுவது? அப்போதுதான் சாந்தாமணியின் உருண்டை எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

சாந்தாமணி என் வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போர்க்கிணறு போடப் போனவர், வருஷத்தில் எட்டு மாதம் ஊரில் இருக்க மாட்டார். ஒரே பெண் சுபிக்‌ஷா, பத்தொன்பது வயசு. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிவிட்டு, தை மாதக் கடைசியில் சேலத்தில் நடக்கப்போகிற ஓட்டத் தேர்வுக்காகத் தினமும் காலையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். ஓடுகிற பிள்ளைக்குப் புரோட்டீன் வேண்டும் என்று செல்போனில் எவனோ சொல்ல, சாந்தாமணி அதைப் பார்த்து, வறுத்த கடலையை மிக்ஸியில் போட்டு, அது பொடியாகி, பொடி ஈரமாகி, ஈரம் எண்ணெய் விட்டு வெண்ணெயாகக் குழைகிற வரைக்கும் விடாமல் அரைத்து, அதில் ஓட்ஸும் கொட்டை எடுத்த பேரீச்சையும் பொட்டுக்கடலை மாவும் கொஞ்சம் தேனும் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருட்டி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுப்பாள். அடுப்புக்கு அதில் வேலையே இல்லை. நாங்கள் அவளைக் கேலி செய்யாத நாளும் இல்லை. பாகு காய்ச்சத் தெரியாதவள் கண்டுபிடித்த கடலை உருண்டை என்று முதலில் சொன்னது நான்தான்.

அவளுக்கு இருந்த ஒரே தொல்லை கைச்சூடு. உள்ளங்கைச் சூட்டில் எண்ணெய் பிரிந்து, உருண்டை நிற்காமல் பிசுபிசுவென்று விரலோடு வரும். அதனால் பக்கத்தில் வாளியில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு, நாலு உருண்டைக்கு ஒரு தரம் கையை முக்கித் துடைத்துவிட்டு உருட்டுவாள்.

அவள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இத்தனை நாள் சிரித்தீர்களே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன். வீடு வீடாக வந்து, மிக்ஸி மூடியை அவளே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "நாயகியக்கா, ஒரேயடியா ஓட்டாதீங்க, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க. பொடியா நிக்கறப்பவே ஆகலைன்னு விட்டுராதீங்க. இன்னுங் கொஞ்சம் பொறுத்தா அதுவே இளகிரும்" என்றாள். என் பெயர் செல்வநாயகி. என்னை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டது அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

வறுத்த கடலை வெளியூரிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. பள்ளிக்கூடத்தில் மதியம் பிள்ளைக்கு ரெண்டு உருண்டை கொடுத்தார்கள். கோயிலில் பொங்கலுக்குப் பதில் உருண்டை கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு உருண்டை கொடுத்து, பெண் அரைத்ததா, பெண்ணின் அம்மா அரைத்ததா என்று கேட்டார்கள். தேன் விடுகிற கட்சி, நாட்டுச்சர்க்கரை போடுகிற கட்சி என்று மேற்குத் தெருவில் ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது. எங்கள் கைகள் குளிர்ந்திருந்ததால் யாருக்கும் வாளித் தண்ணீர் தேவைப்படவில்லை, உருட்டிய உருண்டை உருட்டியபடி கல்லு மாதிரி நின்றது, இதுவும் ஒரு வசதிதான் என்று பேசிக்கொண்டோம். மனுஷர்களுக்கு எதுவும் பழகிவிடும். மார்கழி பிறந்தபோது சூடான சாதம் எப்படி இருக்கும் என்று பேசுவதைக்கூட விட்டிருந்தோம்.

மார்கழி பன்னிரண்டாம் தேதி தூறலில் நனைந்துகொண்டே ஓடிய சுபிக்‌ஷாவுக்குக் காய்ச்சல் வந்தது.

நலம் விசாரிக்கப் போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நான் ஒரு டம்ளர் பால் எடுத்துக்கொண்டு போனேன். பச்சைப் பால், சில்லென்று இருந்தது. கட்டிலில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, ரெண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "குடிக்க முடியலீங்க பெரியம்மா, கசக்குது" என்று கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். டம்ளர் சுட்டது. பாலின் மேல் ஆடை படிந்திருந்தது. நாற்பது நாளைக்குப் பிறகு நான் சூட்டைப் பார்க்கிறேன். ஆவி மூக்கில் பட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாய் குடித்துக்கோ கண்ணு என்று அவளுக்குத்தான் ஊட்டியிருக்க வேண்டும். சாந்தாமணி உள்ளே மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, அந்தப் பாலை நானே குடித்தேன். பிறகு வெளியே வந்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் பதினாலு பேர் நலம் விசாரிக்க வந்தார்கள். அதற்கு மறுநாள் நாற்பது பேர். எல்லாரும் டம்ளரோடு வந்தார்கள், சொம்போடு வந்தார்கள், கைக்குழந்தைக்குப் பால் புட்டியோடு வந்தார்கள். நலம் விசாரிக்க வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைக்க எங்கள் பக்கத்தில் முடியாது, வாங்க என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சாந்தாமணி ஒவ்வொருவரையும் வாங்க என்றாள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் முடியாது, அதனால் ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்தாள். அவள் உள்ளே உருட்டிக்கொண்டிருக்க, நாங்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, எப்படிம்மா இருக்கே, தலைவலி இருக்குதா, ராத்திரி தூங்கினயா என்று நிஜமான அக்கறையோடு விசாரித்துக்கொண்டே, அவள் கையில் ஒன்று, கால் பக்கம் ரெண்டு, கழுத்தை ஒட்டி ஒன்று என்று எங்கள் டம்ளர்களை வைத்தோம். அக்கறை பொய் என்று சொல்ல மாட்டேன். அக்கறையும் இருந்தது, டம்ளரும் இருந்தது.

டாக்டர் வந்தார். வெளியூரிலிருந்து குடிவந்து எங்களோடு எங்களாகக் குளிர்ந்துபோன டாக்டர். காய்ச்சலை அளந்துவிட்டு, உடம்பு தானாகப் போராடட்டும், மாத்திரை கொடுத்து அவசரப்படுத்த வேண்டாம் என்றார். போகும்போது பையிலிருந்து சவரக் கிண்ணத்தை எடுத்து அவள் பாதத்தடியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போறனுங்க்கா. பஸ்ஸுல உக்கார வெக்க முடியாது. அண்ணன ஆட்டோ எடுக்கச் சொல்லுங்க" என்று சாந்தாமணி என்னிடம் வந்து நின்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோ வாசலில் நிற்கிறது. "டயர் பஞ்சர் சாந்தா, நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். மறுநாள் பேட்டரி என்றேன். அதற்கு மறுநாள் அவள் கேட்கும்போதே நான் உள்ளே போய்விட்டேன். அவள் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தாள். வண்டி வந்தது. ஊர் எல்லையில் நின்றிருந்த நாலு பேர், அந்தப் பிள்ளையை அப்போதே காரில் கொண்டுபோய்விட்டார்களே என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த நாலு பேரும் ஒழுக்கமானவர்கள், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். அவளுடைய வீட்டுக்காரர் ரிக்கை விட்டுவிட்டு வர முடியாமல், தினமும் ஃபோனில் அழுதார். ஓமலூரில் இருக்கிற சுபிக்‌ஷாவின் சித்தி, "புள்ள எந்திரிச்சு நின்னா அவளை மட்டும் அனுப்புக்கா. ஒருத்தின்னா எப்பிடியாச்சும் சமாளிச்சுக்கறேன், பக்கத்து ஊட்டுல சமைச்சுக்கறேன். நீ வராதே" என்றாள்.

வார்டு மெம்பர் தங்கராசு புது வீடு கட்டி ஆறு வாரமாகப் பால் காய்ச்ச முடியாமல் வாடகை வீட்டிலேயே இருந்தார். பால் பொங்காத வீட்டில் எப்படிக் குடிபோவது? அவர் மனைவி தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்து முறையாக வந்து அழைத்தாள். சாந்தாமணி கும்பிட்டுக்கொண்டே, "உங்களுக்குப் புண்ணியமாப் போகுதுங்க, புள்ளை எந்திரிக்கவே முடியலீங்க" என்றாள். எந்திரிக்க வேண்டாம், கட்டிலோடு தூக்கிக்கொள்கிறோம் என்றார்கள். நாலு பேர் தூக்கினார்கள், நாதஸ்வரம் முன்னால் போயிற்று. கிழக்கு பார்த்த அறையில் கட்டிலை இறக்கி, அவள் வயிற்றின் மேல் ஈரத்துணி போட்டு, அதன் மேல் பால் பானையை வைத்தோம். அரை மணி நேரத்தில் பால் பொங்கி வழிந்தது. குலவை போட்டோம். சாந்தாமணி பானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே மண்டி போட்டிருந்தாள், பொங்கின பால் பிள்ளை மேல் படாமல் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கனமா இருக்குதும்மா" என்றாள் சுபிக்‌ஷா.

"ஆச்சு கண்ணு, எடுத்தர்றாங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணி என் கையில் ஒரு உருண்டையைக் கொடுத்து, "இதுல காவாசி அவ வாய்க்குள்ள போனாப் போதுங்க்கா. நானும் ஒவ்வொரு வேளையும் உருட்டி உருட்டிக் கொண்டு போறேன். உள்ள போனதும் வெளிய வந்துருது. ஊரே சாப்பிடுது, அவ ஒருத்தியால முடியல. அவளுக்காகத்தானே கத்துக்கிட்டேன்" என்றாள். பிறகு, "இந்தக் காச்சல் எனக்கு வந்திருக்கக் கூடாதா" என்றாள். அது எல்லாத் தாயும் சொல்வதுதான். நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுப் போய்த் தூங்கியும் இருக்கிறேன்.

பொங்கல் நெருங்கியது. ஊர்க்கூட்டம் போட்டு, வீட்டுக்கு ஒரு பானை, சின்னப் பானை, அதிக நேரம் வைக்கக் கூடாது, மேற்குத் தெரு முதலில், தகராறு கூடாது என்று முடிவு செய்தோம். பிள்ளைக்குச் சிரமம் தரக் கூடாது என்று வாத்தியார் தனியாக எழுந்து பேசினார், எல்லாரும் கை தட்டினோம். சாந்தாமணியைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அவள் உருண்டை உருட்டிக்கொண்டிருப்பாள், அவளை ஏன் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டோம்.

போகி அன்று நான் போனபோது அவள் கட்டிலில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். நெற்றியோடு நெற்றி ஒட்டியிருந்தது. உருண்டையை அவளே மென்று, குருவி குஞ்சுக்குக் கொடுப்பது மாதிரி, பிள்ளையின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் வாங்க என்று சொல்லவில்லை. நான் கொண்டுபோன சொம்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

பொங்கலன்று சூரியன் வந்த நேரத்தில், புதுப் பானைக்கு மஞ்சள் கட்டி, அரிசியும் வெல்லமும் எடுத்துக்கொண்டு, அறுபத்தி மூணு குடும்பம் அவள் வீட்டு வாசலில் வரிசையாக நின்றோம். கதவு திறந்தது. தலைக்குக் குளித்து, ஈர முடியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, தானே நடந்து சுபிக்‌ஷா வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் நின்றாள். தங்கராசுவின் மனைவி போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிள்ளை எங்களை மாதிரியே குளிர்ந்திருந்தது.

ரொம்ப சந்தோஷம் என்றோம். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றோம். வரிசையின் கடைசியில் யாரோ, இன்னும் ஒரே ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா என்று மெதுவாகச் சொன்னார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம். சாந்தாமணி பிள்ளைக்குப் பின்னால் கதவோரம் நின்றிருந்தாள். ரெண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். அன்று அவள் யாருக்கும் உருண்டை கொடுக்கவில்லை, அதை நான் கவனித்தேன், கவனித்தும் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் ஊறவைத்த அரிசியில் வெல்லத்தைக் கரைத்துக் குடித்தோம்.

மாட்டுப் பொங்கலன்று காலை ஏழு மணி பஸ்ஸில் சுபிக்‌ஷா ஓமலூருக்குப் போனாள். சித்தி வீட்டில் தேறிக்கொண்டு அங்கிருந்தே தேர்வுக்குப் போவாளாம். பையில் ஒரு டப்பா நிறைய உருண்டை இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டினாள், அம்மா தன் கையைக் கொடுக்கவில்லை, முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "ஓடறப்போ மூச்ச வாயில வாங்காத கண்ணு" என்றாள். பஸ் கரட்டைச் சுற்றி மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும், டயர் பஞ்சராகவில்லை என்று சொல்ல வேண்டும், முதல் நாள் அந்தப் பாலைக் குடித்ததைச் சொல்ல வேண்டும் என்று அவள் வீட்டுக்குப் போனேன். இது சத்தியம். கையில் நான் ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவள் அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தாம்பாளம். கடலை வெண்ணெயைப் பிசைந்து வைத்து உருட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள், உருண்டை நிற்கவில்லை. உள்ளங்கையில் வைத்ததும் எண்ணெய் பிரிந்து, விரலிடுக்கில் ஒழுகி, தாம்பாளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்தப் பழைய வாளி, ரெண்டு மாதமாக யாருக்கும் தேவைப்படாத வாளி. என்னைப் பார்த்ததும் ரெண்டு கையையும் அதற்குள் முக்கினாள். தண்ணீரிலிருந்து மெல்லிசாக ஆவி எழுந்தது.

நாங்கள் ரெண்டு பேரும் அந்த ஆவியைப் பார்த்தோம்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க நாயகியக்கா" என்றாள். உதடு காய்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது. "ரெண்டே ரெண்டு நாள். அவ தேர்வு முடியற வரைக்குங்கூட வேண்டாம், ரெண்டு நாளு படுத்து எந்திரிச்சன்னா சரியாப் போயிரும். கதவச் சாத்திக்கறேன்."

"நான் ஏம்மா சொல்லப் போறேன்" என்றேன். அழுகை வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாளியிலிருந்து அவள் கையை எடுத்து, என் ரெண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். ஆறுதலுக்குத்தான் பிடித்தேன். அவள் கைச்சூடு என் விரலில் ஏறி, மணிக்கட்டில் ஏறி, முழங்கை வரைக்கும் வந்தது. அவ்வளவு நாள் என் உடம்பு எப்படி வலித்துக்கொண்டிருந்தது என்று வலி நின்ற பிறகுதான் தெரிந்தது.

"போதுங்க்கா, விடுங்க" என்றாள் சாந்தாமணி.

விட்டுவிடுகிறேன் என்றேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. சாந்தா, புள்ளையை அனுப்பிட்டயா, தனியா இருப்பியேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் என்று தங்கராசுவின் மனைவியின் குரல் நடையைத் தாண்டி வந்தது. எழுந்து போய், அவள் தூங்குகிறாள், அப்புறம் வாங்க என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்க அந்தக் கையை விட வேண்டும். சாந்தாமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கையை விடவில்லை.